அரிவாளே தேவலை, மாமா!

மகள் காதலிக்கிறாள் என்று தெரிந்தால் தமிழ் சினிமா அப்பா என்ன செய்வார்? அரிவாள் எடுப்பார், அடியாள் அனுப்புவார், அறையில் பூட்டுவார். 2022-ல் வந்த ‘லவ் டுடே’யில் சத்யராஜ் இது எதையும் செய்யவில்லை. ஒரே ஒரு நாள் இருவரும் போனை மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் கல்யாணம். அவ்வளவுதான், பிரதீப் ரங்கநாதனுக்கும் இவானாவுக்கும் வியர்த்துவிட்டது!

இதே சோதனையை ‘காதல் கோட்டை’ ஜோடிக்கு வைத்திருந்தால்? 1996-ல் அஜித்தும் தேவயானியும் முகம் பார்க்காமலே கடிதத்தில் காதலித்தார்கள். மாற்றிக்கொள்ள அவர்களிடம் இருந்தது கடிதக் கட்டு மட்டும்தான். அதுவும் ஏற்கெனவே மாறிவிட்டது. எழுதாமல் விட்டதைத் தோண்ட வழியே இல்லை. இப்போதோ அழித்த சாட்டுக்குக்கூட யாரோ ஒருவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

‘லவ் டுடே’யில் எல்லோரும் பேசியது அந்தக் காதலர்களின் சண்டையை. ஆனால், மனதில் நிற்பது இன்னொரு போன். ஹீரோவின் அக்காவைக் கட்டிக்கப்போகும் யோகிபாபு, தன் போனைத் தொடவே விடமாட்டார். பாத்ரூமுக்கும் அதோடுதான் போவார் போலிருக்கிறது என்று நினைக்கும் அளவுக்குக் காவல். வேறு பெண் இருக்கிறாளோ என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். கடைசியில் போன் திறக்கிறது (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்). உள்ளே இருந்தது, அவருடைய உருவத்தைக் கேலி செய்யும் மெசேஜ்கள். கட்டிக்கப்போகிறவள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதே என்றுதான் அத்தனை பூட்டும்.