இரண்டாவது கோட்டின் ஒப்பனை அறை

மார்கழி மழை விட்ட மறுநாள் காங்கேசன்துறைப் பக்கம் எந்த மருத்துவ ஆய்வுகூட வாசலுக்குப் போனாலும் ஒரே கதைதான்: "என்.எஸ்.1 எடுத்தாச்சோ?" சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரில் டெங்கு தன் வேலையைக் காட்டத் தொடங்கும் மாதம் இது.

"தம்பி, ரிசல்ட் வந்திட்டுதோ?"

"பதினைஞ்சு நிமிசம் பொறுங்கோ அம்மா."

அந்தப் பதினைந்து நிமிடம் உள்ளே என்ன நடக்கிறது? விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டு, ஒரு சொட்டு இரத்தம், பிறகு ஒரு கோடா, இரண்டு கோடா? அவ்வளவுதான் நமக்குத் தெரிவது. மேடை நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் ஊரில் நின்றுகொண்டு மேடையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எப்படி? வாருங்கள், பின்பக்கத்தால் நுழைவோம்.

முதல் அதிசயம்: உள்ளே தங்கம் இருக்கிறது! மெய்யாகத்தான். இந்த வகைச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் நிறம் தருவது தங்கத்தின் நுண்துகள். அவ்வளவு சிறிதானால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, செக்கச் சிவந்துவிடும். ஒவ்வொரு துகளிலும் பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கின்றன. டெங்கு வைரசு புகுந்த கலங்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டும். அதைக் கண்டால் இவை விடமாட்டா. பிடித்தபடியே பட்டியில் நகரும்போது, 'டி' என்ற இடத்தில் அசையாமல் காத்திருக்கும் இன்னொரு பிறபொருளெதிரி அதே புரதத்தின் வேறு பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். தங்கம் அங்கே குவியும், கோடு சிவக்கும். 'சி' கோடு சோதனை ஒழுங்காக ஓடியதா என்பதற்கு மட்டும்.

ஆயிரம் புரதங்கள் மிதக்கும் இரத்தத்தில் ஒன்றை மட்டும் பிடிக்கும் இந்த வித்தைக்குப் பின்னால் ஒரு சுண்டெலி நிற்கிறது. எலிக்கு வேண்டிய புரதத்தை ஊசியில் ஏற்றினால் அதன் மண்ணீரலில் பிறபொருளெதிரி செய்யும் கலங்கள் பெருகும். வெளியே எடுத்து வளர்த்தால் சில நாளில் செத்துவிடும். சாகாமல் பெருகத் தெரிந்தது புற்றுக்கலம். 1975இல் கேம்பிரிட்ஜில் ஆர்ஜென்டினாக்காரர் சேசர் மில்ஸ்டைனும் ஜெர்மானியர் ஜோர்ஜ் கோலரும் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். பிறந்த கலப்புக்கலத்துக்குத் தாயின் வித்தையும் உண்டு, தகப்பனின் சாகாவரமும் உண்டு. அதில் ஒற்றைக் கலத்தைப் பிரித்துப் பெருக்கினால், எல்லாமே ஒரே அச்சில் வார்த்த பிறபொருளெதிரிகள்: மொனோகுளோனல். 1984இல் நோபல் பரிசு வந்தது. காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை. எவ்வளவு பணம் போயிற்று என்று நினைத்தால் எனக்கே வயிறெரிகிறது!

இனி இன்னும் உள்ளே, இரத்தக்குழாய்க்குள். டெங்குவில் ஆளைச் சாய்ப்பது காய்ச்சலைவிடக் கசிவுதான். குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காக ஒட்டிக்கிடக்கும் அகவணிக் கலங்களின் இடுக்குகள் நெகிழ, பிளாஸ்மா வெளியேறும். இதில் கொடுமை என்னவென்றால், காய்ச்சல் இறங்கி "அப்பாடா" என்று வீடே மூச்சுவிடும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது தொடங்கும். வைத்தியர் ஏன் பி.சி.வி.யை, அதாவது இரத்தத்தில் செங்கலங்களின் பங்கை, மறுபடி மறுபடி எடுக்கிறார் என்று எரிச்சற்படாதீர்கள். அந்த எண் ஏறினால் கசிவு நடக்கிறது.

இவ்வளவு நுணுக்கமான சுவரை ஆய்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? மறுபடியும் எலியார்தான். ஒக்ஸ்போர்டில் உருவான ஜே.சி.70 என்ற மொனோகுளோனல் 1990இல் அறிமுகமானது. அகவணிக் கலங்களின் மேலுள்ள சி.டி.31 என்ற அடையாளத்தில் போய் ஒட்டும். ஃபோர்மலினில் ஊறி மெழுகில் உறைந்த பழைய திசுவிலும் ஒட்டும் என்பதுதான் அதன் பெருமை. நிறம் ஏற்றியதும் வெளிர்ந்த திசுவுக்குள் மயிரிழைக் குழாய்கள் பழுப்பு வளையங்களாக எழுந்து வரும். கலங்களின் இடுக்கைப் பூட்டும் இசட்.ஓ.1 புரதமோ, 1986இல் கண்டுபிடிக்கப்பட்டதே மொனோகுளோனல் ஒன்றின் துணையோடுதான்.

அந்த இசட்.ஓ.1ஐ நம் நாட்டு ஆய்வு ஒன்றும் தேடிப் போனது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மலவிகே குழு, ஒக்ஸ்போர்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்டது அது. பிள்ளை பிறந்ததும் நாம் அறுத்து எறியும் தொப்புள்கொடி இருக்கிறதே, அதன் நாளத்திலிருந்து பெறப்படும் அகவணிக் கலங்கள்தான் அங்கே சோதனைக்கு அமர்ந்தவை. அவற்றின் மேல் கடும் டெங்கு நோயாளரின் சீரத்தை விட்டார்கள். இசட்.ஓ.1 குறைந்தது. கல அடுக்கின் ஊடே மின்சாரம் செலுத்தி அளந்தால் மின்தடையும் விழுந்திருந்தது. இடுக்கு திறந்துவிட்டது என்று பொருள். பி.ஏ.எஃப். என்ற கொழுப்பு மூலக்கூறுக்கு இதில் பங்குண்டு என்று பார்த்து, அதன் வழியை அடைத்தபோது சேதம் குறைந்தது.

2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு என்று பதிவான பிறகு இதெல்லாம் வெறும் ஆய்வுகூட விளையாட்டாகத் தோன்றாது. பி.ஏ.எஃப்.ஐத் தடுக்கும் ருபட்டடின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரையை 183 இலங்கை நோயாளரிடம் சோதித்த முடிவு 2018இல் வந்தது. ஆபத்தில்லை. ஆனால் கசிவைக் குறைக்கும் முதன்மை இலக்கு எட்டவில்லை. ஏழாம் நாள் பிளேட்லெட் கொஞ்சம் கூடியிருந்தது, எட்டாம் நாள் நெஞ்சறை நீர் கொஞ்சம் குறைந்திருந்தது. துள்ளிக் குதிக்க இது போதாது. அடுத்து கசிவைத் தடுக்க எந்த மருந்தைச் சோதித்தாலும், முதலில் தொப்புள்கொடிக் கலங்கள், பிறகு எலியார் தந்த பிறபொருளெதிரி என்ற வரிசையில் அதுவும் நிற்கவேண்டி வரலாம்.