தைத்து எடுக்கும் தோணி

மலைக்கும் லட்டுக்கும் பெயர் போன திருப்பதிக்குக் கடற்கரையும் உண்டு என்றால் நம்புவீர்களா? 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவானபோது தடா, சூலூர்ப்பேட்டையோடு பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் அதில் சேர்ந்தது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இந்தத் தண்ணீருக்குத் தட்டையான அடிப்பாகம் கொண்ட சிறு தோணி போதும். அதை வீட்டு முற்றத்திலேயே பிளைவுட்டில் செய்துவிடலாம்.

இது தச்சு வேலையைவிடத் தையல் வேலைக்கு நெருக்கம். எட்டுக்கு நாலு அடி ஷீட்டை, ரவிக்கைத் துணி போல வரைந்து வெட்ட வேண்டும். ஓரங்களில் துளை போட்டுச் செப்புக் கம்பியால் தைத்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழுந்து தோணியாகிறது. இணைப்புகளில் ரெசின் பூசி, ஃபைபர் கிளாஸ் நாடாவை ஒட்டிவிட்டால் உறுதி வந்துவிடும். அதன் பிறகு கம்பிக்கு வேலையில்லை.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பேரி பக்னெல். பிரிட்டிஷ் டெலிவிஷனில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்தவர். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டோடு சேர்ந்து 1960களில் அவர் உருவாக்கிய 'மிரர்' படகு 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. தைப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகள் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தவை.

அந்தச் செப்புக் கம்பித் தையல் 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் பெல்ஜியக்காரரான பியர் ஜிலே. கட்டுமரத்துக்கான பருத்த மரங்கள் அரிதாகி, விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். நனைந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்து கடலுக்குப் போனவர்கள், மோட்டார் பொருத்திய பிளைவுட் வள்ளத்துக்குள் உட்கார்ந்து போனார்கள். ஆனால் மணலில் இழுத்து இழுத்து மேற்பூச்சு தேய்ந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து மரம் உளுத்துவிடும். பின்னாளில் ஃபைபர் படகுகள் முந்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2004 சுனாமி நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை அவைதான்.

வீட்டில் செய்பவர் ஏமாறும் இடம் மரக்கடைதான். அலமாரிக்கு வாங்கும் மலிவு பிளைவுட் தண்ணீரில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும்; 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அதன் பசை விடக்கூடாது என்பது தரவிதி. காசை இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முன்னும் பின்னும் காற்றுப் புகாத பெட்டி அடைத்துவிட்டால், கவிழ்ந்தாலும் தோணி மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம்.