அரை மூடித் தேங்காயும் 22 கிராமும்

கிளியனூர்ப் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. பக்கத்துத் திண்டிவனத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சிக்கு 1940இல் வந்த டிஎம்வி 2 மல்லாட்டை ரகம் சாட்சி. 'டிஎம்வி' என்ற பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. சர்க்கரை, கொலஸ்டிரால் என்று பேச்சு வந்தால் இந்த ஊரிலும் முதலில் மாட்டுவது எண்ணெய்த் தூக்குதான். கணக்கு எழுதிப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை.

நாலு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் 2 லிட்டர். மாதம் 3 லிட்டர், அதாவது சுமார் 2,730 கிராம். தலைக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் வரும். 2,000 கலோரித் தட்டுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒதுக்கும் 27 கிராமுக்குள்தான் இருக்கிறது.

அதில் நிறைவுற்ற கொழுப்பைத் தனியே பிரிப்போம். பாமாயிலில் நூற்றுக்கு 42 பங்கு, தலைக்கு 3.2 கிராம். மல்லாட்டை எண்ணெயில் 17 பங்குதான். இரண்டு லிட்டர் ஊற்றியும் 2.6 கிராம். ஆக எண்ணெய் மொத்தமும் 5.8.

பிறகு பால். 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டில் தினம் ஒரு லிட்டர் வாங்கினால், காபி, தயிர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 7 கிராம். காலை இட்லிக்கு அரை மூடித் தேங்காயைத் துருவி அம்மா சட்னி அரைக்கிறார். 150 கிராம் தேங்காயில் 45 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, தட்டுக்கு 11.2. கூட்டினால் 24. கடைத்தெரு வடையைச் சேர்க்கவே இல்லை.

24 என்பது அதிகமா என்றால், யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏபிஓஏ2 என்றொரு மரபணு. நல்ல கொலஸ்டிரால் என்கிறோமே, அந்த எச்.டி.எல். துகளில் இருக்கும் ஒரு புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. அதன் முகப்பில் ஓரிடத்தில் 'டி' எழுத்துக்குப் பதில் 'சி' இருந்தால் புரத உற்பத்தி குறைகிறது. தாய் வழியும் தந்தை வழியும் 'சி' வாங்கியவர்கள் 'சிசி'. 2009இல் அமெரிக்காவில் மூன்று மக்கள்திரள்களில் 3,462 பேரிடம் பார்த்தபோது, சிசி வகையினர் 10 முதல் 16 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு நாளுக்கு 22 கிராமுக்குக் கீழே இருந்தவரை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எடையில் வேறுபாடில்லை. 22ஐத் தாண்டியதும் அவர்களின் உடல் நிறைக் குறியீடு மற்றவர்களைவிட 6.2 சதவீதம் கூடியிருந்தது. மரபணு அதேதான், தட்டு மாறினால் பலன் மாறுகிறது. 2011இல் வெளியான மறு ஆய்வில் மத்தியதரைக்கடல் பகுதியினரோடு சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியரும் இருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2,000 கலோரியில் பத்தில் ஒரு பங்கு 200. கிராமுக்கு 9 கலோரி என்று வகுத்தால் அதே 22. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் அந்தப் பத்து சதவீதம்தான்.

சென்னையிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சென்னை நகர்ப்புற–கிராமப்புற ஆய்வில் சேர்ந்த 1,682 பேரிடம், சர்க்கரை நோயோடு தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 மரபணுவைப் பார்த்தார்கள். சாப்பிடும் கொழுப்பின் அளவைப் பொறுத்து, அந்த மரபணுவுக்கும் எச்.டி.எல். அளவுக்குமான உறவு மாறுவதாக 2017இல் எழுதினார்கள். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது; அதற்குக் கொழுப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் குண்டான் சோறு தப்பித்துவிடும். இந்தியத் தட்டின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து.

அம்மா சிசி வகையா என்று எனக்குத் தெரியாது. அவர் பரிசோதனைக்கும் வரமாட்டார். தேங்காயை நிறுத்து என்றால் கரண்டி பறக்கும். ஆனால் 100 கிராம் மல்லாட்டையை வறுத்து, தோலை ஊதி, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அரைத்தால் நாலு பேருக்குச் சட்னி. தலைக்கு நிறைவுற்ற கொழுப்பு 1.7 கிராம். அன்றைய கூட்டுத்தொகை 14.5.