அவசரமில்லாத நதி

உலகம் போரின் பெயராகவே அறிந்திருக்கும் சோம் நதியின் கரையில் சைக்கிள்கள் நிதானமாக உருள்கின்றன.

சோம் நதிக்கு எந்த அவசரமும் கிடையாது. வடக்கு பிரான்ஸில் சுமார் 245 கி.மீ. ஓடி ஆங்கிலக் கால்வாயில் கலக்கும் இந்த நதி, வழி நெடுக இறங்கும் உயரம் 100 மீட்டர்கூட இல்லை. குளம், சதுப்பு, நாணல் புதர் என்று பரவிப் பரவியே நகர்கிறது. சைக்கிள்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? மூச்சு வாங்கவைக்கும் மேடுகளே இல்லை.

பாதையும் புதிதல்ல. சோமைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்ற கால்வாயாக்கும் வேலை 1770ல் தொடங்கி, முடியப் பல பத்தாண்டுகள் பிடித்தது. குதிரைகள் கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகுகளை இழுத்தன. சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் மாறிப்போனது. குதிரைகள் நடந்த தடத்தின் பெரும்பகுதி இப்போது சைக்கிள் பாதை. மதகுக் காவலர்களின் வீடுகள் சில, களைத்து வருபவர்களுக்குக் காபிக் கடைகளாகிவிட்டன.

பெரோனிலிருந்து கடல்வரை 100 கி.மீ.க்கு மேல். உடல் வலு உள்ளவர்கள் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் நாலு நாளாவது எடுத்துக்கொள்வதுதான் இந்த நதிக்குச் செய்யும் மரியாதை.

பெரோன் கோட்டையில் முதல் உலகப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1992ல் திறக்கப்பட்டது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தனர். அவர்களில் இறந்தவர்கள் 19,240. ஜூலை 14 அன்று, நதிக்கு வடக்கே ஹை வுட் காட்டருகே, இந்தியாவின் டெக்கான் ஹார்ஸ் குதிரைப்படை ஈட்டிகளை நீட்டியபடி பாய்ந்தது. எதிரே இருந்தவை இயந்திரத் துப்பாக்கிகள். நவம்பரில் போர் ஓய்ந்தபோது பிரிட்டிஷ் படை முன்னேறியிருந்தது சுமார் 10 கி.மீ. சைக்கிளில் அது ஒரு மணி நேரம்கூட இல்லை.

மேற்கே அமியன் நகரை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. சதுப்பை வெட்டி உண்டாக்கிய சுமார் 300 ஹெக்டேர் தீவுத் தோட்டங்கள். நடுநடுவே வாய்க்கால்கள், தட்டையான படகுகள். அவற்றுக்குப் பின்னால் 1220ல் கட்டத் தொடங்கிய தேவாலயம். உள்ளே கூரையின் உயரம் 42 மீட்டர். தன் கதாநாயகனை 80 நாளில் உலகைச் சுற்ற ஓடவைத்த ஜூல் வெர்ன், 1871ல் இந்த ஊரில் குடியேறி, 1905ல் இங்கேயே இறந்தார்.

அடுத்து பிக்கின்யி. 1475ல் பிரான்ஸ், இங்கிலாந்து மன்னர்கள் இருவரும் இங்கே நதிப் பாலத்தில் சந்தித்து சமாதானம் பேசினார்கள். பரஸ்பர நம்பிக்கை எவ்வளவு என்றால், இடையில் ஒரு மரத் தடுப்பு!

அப்வில் தாண்டினால் கால்வாய் நேர்கோடாகக் கடலை நோக்கிப் போகிறது. சற்று விலகினால் நுவாயெல் கிராமத்தில் சீனக் கல்லறைத் தோட்டம்: பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கூலி வேலை செய்ய வந்து, ஊர் திரும்பாத 800க்கும் மேற்பட்டவர்கள்.

முடிவில் சேன் வாலெரி. அலை வற்றும் நேரத்தில் மணலில் சீல்கள் படுத்துக் கிடக்கும். நதி எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 1066ல் இங்கிலாந்தைப் பிடிக்கக் கிளம்பிய நார்மண்டி வில்லியம், சாதகமான காற்றுக்காகக் கப்பல்களோடு இங்கேதான் காத்துக் கிடந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அலை திரும்பும்வரை காத்திருப்பதில் தவறே இல்லை.