களவழியும் கணக்கேடும்

போர் முடிந்தபின் களத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கம் தமிழர்க்குப் பழையது. கழுமலப் போரைப் பொய்கையார் களவழி நாற்பதிலே பாடினார். கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பரணியாக்கினார். ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரனுக்கே பரணி உரியதென்று பாட்டியலார் ஓர் எண்ணிக்கையும் வகுத்துவைத்தனர். எனினும் இவ்விலக்கியங்களிலே நாம் காண்பன யாவும் விழுந்த அடிகளே. விழாத அடிகளைப் பாடிய புலவர் இலர். வென்ற வீரன் எத்தனை கணம் வாளோங்காது வாளா நின்றான் என்பதை எப்பரணியும் கூறாது.

அதனை எண்ணுபவன் ஒருவனைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. விழுப்புண் பெறாது கழிந்த நாட்களையெல்லாம் தன் வாழ்நாட் கணக்கிலிருந்து எடுத்து, அவை வீணே போயின என்று வைப்பவன் அவன். புகழ்பாடுவோர் ஈட்டியதை எண்ணுகின்றனர். அவனோ இழந்ததை எண்ணுகின்றான். இவ்விருவகைக் கணக்கிற்கும் உள்ள வேற்றுமையை இக்கால இளைஞர் இணையவழிப் போர் விளையாட்டொன்றிலே நாள்தோறும் கண்டு வருகின்றனர் என்றால் அன்பர்கள் வியப்புறுவர். ஆயினும் உண்மை அதுவே.

பதிவேடு யாது?

‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டை அமெரிக்க நிறுவனமாகிய பிளிசார்ட் 2004ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வெளியிட்டது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, பல நாடுகளிலிருந்தும் கணினி வழியே ஒரு களத்திற் கூடி, பெரும் பகைவன் ஒருவனை எதிர்ப்பர். தொடக்கத்தில் ஓரணியில் 40 பேர் வரை நின்றனர். இந்நாளில் மிகக் கடினமான படிநிலையிலே 20 பேர் நிற்கின்றனர். பகைவனின் தாக்குதலைத் தம்மேல் ஏற்போர், காயம் ஆற்றுவோர், பகைவனைத் தாக்கிச் சேதம் விளைப்போர் என அவர் மூவகையர். தாக்குவோரின் ஆற்றலை, ஒரு விநாடிக்கு அவர் விளைத்த சேதம் எவ்வளவு என்று அளப்பர். இதனை ஆடுவோர் ‘டி.பி.எஸ்.’ என்பர்.

இவ்விளையாட்டிலே ‘கொம்பற் லொக்’ எனப்படும் போர்ப் பதிவேடு ஒன்று உண்டு. ஆடுபவர் ஒரு கட்டளையைத் தட்டச்சுச் செய்தவுடன், களத்தில் நிகழ்வன யாவும் கோப்பொன்றிலே வரிவரியாக எழுதப்படும். நேரம் விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு வரை குறிக்கப்படும். அடித்தவர் யார், அடியுண்டவர் யார், ஏவிய வித்தை எது, விளைந்த சேதம் எவ்வளவு, அதிற் கவசம் உறிஞ்சியது எவ்வளவு, அவ்வடி இருமடங்காய்ப் பாய்ந்ததா என்பன அனைத்தும் அவ்வரியில் அடங்கும். ஒரு சாபம் பகைவனைப் பற்றிய கணமும் அது நீங்கிய கணமும் பதிவாகும். ஒருவர் வீழ்ந்த கணமும் பதிவாகும். உவமையும் உயர்வுநவிற்சியும் அறியாத புலவன் இப்பதிவேடு என்க.

ஒரே இரவின் ஆட்டம் இலட்சக்கணக்கான வரிகளாய்ப் பெருகும். அவற்றை அப்படியே படித்துப் பொருள் காணல் எவர்க்கும் அரிது. புல்மோட்டையில் வாழும் எமக்கு இதனை விளக்க உவமை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எம் கடற்கரையின் கருமணலை அள்ளிப் பார்ப்பவர்க்கு அது வெறும் மணலே. அதனைக் காந்தத்தின்வழிச் செலுத்தினால் இல்மனைற் பிரிகின்றது. எஞ்சியதை உயர்மின்னழுத்தத்தின்வழிச் செலுத்தினால், மின்னைக் கடத்தும் ரூட்டைல் ஒருபுறமும் கடத்தாத சேர்கன் மறுபுறமும் போகின்றன. அவ்வாறே பதிவேட்டைப் பகுத்துத் தரும் இணையத்தளங்கள் உள. 2013ஆம் ஆண்டு தோன்றிய ‘வோர்கிராஃப்ட் லொக்ஸ்’ அவற்றுட் பெரிது. எந்தக் கேள்வியோடு செல்கின்றோமோ, அதற்குரிய மணியை அது பிரித்துத் தரும். கேள்வி இன்றிச் செல்வோர்க்கு அங்கும் மணலே மிஞ்சும்.

வெற்றிடம் தேடல்

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் இவ்விளையாட்டிற் சாபமிட்டுப் பொருதும் ‘வோர்லொக்’ வேடத்தினர். பகலெல்லாம் தொழில் செய்து, இரவிலே அயல்நாட்டு நண்பரோடு ஓரணியில் நிற்பவர். அவர் விளைக்கும் சேதம் போதாதென்றும், சில வாரங்களிலே திருந்தாவிடின் அவ்விடம் வேறொருவர்க்குப் போகுமென்றும் அணித்தலைவர் அறிவித்துவிட்டார். ஆண்டுக்கணக்காய்ப் பழகிய நட்புவட்டம் அது. அதனை இழத்தல் அவர்க்குச் சிறிய துன்பமன்று. தம் படைக்கலம் தாழ்ந்ததென்றே அவர் கருதினார். ஆனால், அதே வேடமும் ஒத்த படைக்கலமும் உடைய மற்றொருவர், அதே பகைவனோடு பொருத பதிவேட்டைத் தம்முடையதோடு ஒப்பிட்டபோது அக்கருத்து நில்லாதாயிற்று.

அவர் தேடிய முறை ஆசிரியர் யாவரும் அறியத்தக்கது. முதலிற் பார்க்க வேண்டியது, தாம் வீழ்ந்தோமா என்பது. வீழ்ந்தவன் அடிப்பதில்லை, ஆதலின் உயிரோடு நிற்றலே முதற் சேதம்.

இரண்டாவது, வெறுங்கணங்கள். ஒரு வித்தைக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 1.5 விநாடி வேண்டும். விரைவாற்றல் கூடினால் அது குறையும். 1.5 விநாடி என்றே கொண்டால், 5 நிமிடப் போரில் 200 வித்தைகள் ஏவலாம். பதிவேட்டில் 160 மட்டுமே இருந்தால், 40 வாய்ப்புகள், அதாவது 60 விநாடிகள், வாளா கழிந்தன என்பது வெளிப்படை. ஐந்திலொரு பங்கு போரில் அவ்வீரன் களத்திலே இருந்தும் இல்லாதவனே.

மூன்றாவது, அரிய வித்தைகளின் எண்ணிக்கை. 2 நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் ஏவத்தக்க வித்தையை 5 நிமிடப் போரிலே தொடக்கத்திலும், 2ஆம் நிமிடத்திலும், 4ஆம் நிமிடத்திலுமாக மும்முறை ஏவலாம். ‘நல்ல வேளை வரட்டும்’ என்று காத்திருந்து இருமுறை ஏவியவன் மூன்றிலொன்றை இழந்தான்.

நான்காவது, சாபம் நிலைத்த காலம். 18 விநாடி நீடிக்கும் சாபமொன்றை அதன் இறுதி 5 விநாடியளவிற் புதுப்பித்தால், எஞ்சிய காலமும் புதியதோடு சேரும், ஒன்றும் வீணாகாது. மிக முந்திப் புதுப்பித்தால் காலத்தில் ஒரு பகுதி கெடும்; பிந்தினாற் பகைவன் சாபமின்றி நிற்பான்.

இளைஞரின் குறை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்தது. தீயைக் கண்டு விலகி ஓடும்போதெல்லாம் அவர் கை ஓய்ந்தது. ஓடி முடித்தபின்னும் அடுத்தது எதுவென்று எண்ணி ஈரொரு விநாடி நின்றார். நடந்துகொண்டே ஏவத்தக்க வித்தைகளை அந்நேரத்திற்கென்று ஒதுக்கிவைக்கப் பழகினார். வாரத்திற்கு ஒரு குறையை மட்டுமே எடுத்துக்கொண்டார். ஓரடி இருமடங்காய்ப் பாய்வது தற்செயலாதலின், ஒரே போரைக் கொண்டு தீர்ப்புச் செய்யாது பல இரவுப் பதிவுகளை ஒப்பிட்டார். அவர் இடம் பறிபோகவில்லை. அவர் என்னிடம் சொன்னது இது: “சேர், நான் பலமாக அடிக்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். நான் அடிக்காமல் நின்றிருக்கிறேன்.”

குறளின் வீரனும் இதனையன்றோ கூறுகின்றான்!

நிறமும் தரமும்

இதே பதிவேடு கேடு விளைப்பதும் உண்டு. அவ்விணையத்தளம் ஒவ்வொருவரையும் அவர் வேடத்தினர் பலரோடு ஒப்பிட்டு நூற்றுமானத் தரம் இடும். தரம் 25இற்குக் கீழ்ப்பட்டோர்க்குச் சாம்பல் நிறம். 50ஐ எட்டினோர்க்கு நீலம். 75ஐ எட்டினோர்க்கு ஊதா. 95ஐ எட்டினோர்க்குச் செம்மஞ்சள். இந்நிறம் எல்லார் கண்ணிலும் படும். ஆகவே திருந்துவதற்கென்று வந்த கணக்கு, சிலர்க்குச் செருக்குவதற்கும் பிறரை இகழ்வதற்கும் கருவியாயிற்று.

நிறத்தை நாடுவோர் செய்வதைக் கேளுங்கள். பகைத்தலைவனை விடுத்து, தாமே சாகக்கூடிய சிறு பகைவர் கூட்டத்தை அடித்து எண்ணைப் பெருக்குவர். பகைவன் ஓதும் கொடிய மந்திரத்தை இடைமறித்தல் அணியைக் காக்கும். ஆனால் அது சேதத் தரத்தில் ஏறாது. எனவே ‘வேறொருவர் மறிக்கட்டும்’ என்றிருப்பர். தீயை விட்டு விலகாது நின்று அடித்து, காயம் ஆற்றுவோர் தலையிலே தம் சுமையை ஏற்றுவர். அணி தோற்கும், அவர் நிறம் மட்டும் ஒளிரும். ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ என்னும் மற்றொரு விளையாட்டின் விதிகள் இத்தகைய வெளிக்கருவிகளை ஏற்பதேயில்லை. எனினும் பதிவேட்டின்மீது பழியில்லை. இடைமறித்ததும் அதே ஏட்டில் வரியாகப் பதிந்தே இருக்கின்றது, தேடுவார்தாம் இலர்.

எவ்வேடத்தினர்க்கும் ஒரே அளவுகோலை நீட்டுதல் தமிழ் மரபும் அன்று. தொல்காப்பியர் வாகைத்திணையைப் போர்வென்றார்க்கு மட்டும் உரியதாக்கவில்லை. அந்தணர் முதலாக அறிவர், தாபதர், பொருநர் ஈறாகப் பலரும் தத்தம் கூறுபாட்டிற் குற்றமின்றி மேம்படுதலே வாகை. காயம் ஆற்றுபவனுக்கு ஒரு வாகை, இடைமறிப்பவனுக்கு ஒரு வாகை, சேதம் விளைப்பவனுக்கு ஒரு வாகை எனக் கொள்ளுதலே நேர்மையாம்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பாடம் உண்டு. மாணவனுக்கு நாம் தருவன இரண்டு: ஒன்று தேர்ச்சியறிக்கையில் எழுதும் நிலை, மற்றொன்று திருத்திய விடைத்தாள். பதினேழாம் பிள்ளை என்னும் நிலை அவனை நாணச் செய்யும். எங்கே தவறினான் என்று சொல்லாது. விடைத்தாளோ, விடையளிக்காது விட்ட வினாக்களையும் நேரம் போதாது முறிந்த கடைசி வரியையும் அவனுக்கே காட்டும். நிலையை ஊரறியச் சொல்லுகின்றோம்; விடைத்தாளை அவனோடிருந்து ஒருமுறை புரட்டிப் பார்க்கின்றோமா?

குறளின் வீரனுடைய கணக்கை அரசன் எழுதவில்லை, தோழர் எழுதவில்லை, அவனே எடுத்து அவனே வைக்கின்றான். பதிவேடு இன்று எந்திரத்தால் எழுதப்படலாம். அதனை எடுத்துப் பார்க்கும் கை மட்டும் அவரவர் கையாகவே இருத்தல் வேண்டும்.