வயதான புல்லட்டுக்குப் புதுச் சக்கரம்!

50 வயதைத் தாண்டிய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது?

புல்லட்டின் பிறந்த வீடு இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் நகரம். 1955-ம் ஆண்டு சென்னையில் "என்பீல்டு இந்தியா" கம்பெனி தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் தயாராயிற்று.

1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால், சென்னையில் வேலை நிற்கவில்லை! பிறந்த வீட்டில் மறைந்த வண்டி, புகுந்த வீட்டில் வாழ்ந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. பழைய அமைப்பிலேயே பல்லாண்டு தயாரானதால், பாகங்கள் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டைக் கடைகளிலும் தேடலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், அளவு பார்த்து வாங்க வேண்டும்.

உயிர் காக்கும் சக்கரம்

என்ஜின் கெட்டால் வண்டி நிற்கும். சக்கரம் கெட்டால் ஆளே விழுவார்! ரிம் துருப்பிடித்தால் கம்பி தளரும், சக்கரம் கோணும். புது ரிம், புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும்.

பல பழைய புல்லட்டுகளில் முன் பிரேக் 6 அங்குலம்தான். அதில் உள்ள இரண்டு கட்டைகளில் ஒன்றை மட்டுமே சுழலும் டிரம் இழுத்து இறுக்கும். பின்னாளில் வந்த 7 அங்குல இரட்டைப் பிரேக்கில் இரண்டும் இறுகும். வண்டி சீக்கிரம் நிற்கும்.

பழையதை எறியாதீர்கள்!

50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய, 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே, கழற்றிய சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவதே புத்திசாலித்தனம்.