கேட்டுச் சாப்பிடுவதில் வெட்கம் எதற்கு?

ஒரத்தநாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியிருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் பல. அப்பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரை, "அத்தா, ஒரு நாள் நல்ல ஹோட்டலில் சாப்பிடலாம், வாருங்கள்" என்று அவர்கள் ஆசையோடு அழைத்துச் செல்கிறார்கள். அரபு உணவு, சீன உணவு என்பவற்றைத் தாண்டி, மெக்சிகோ நாட்டு உணவு பரிமாறும் உயர்தர உணவகங்களும் இன்று அவ்வரிசையில் சேர்ந்துவிட்டன. வாசகர்களே, அத்தகைய அழைப்பு நாளை உங்களுக்கும் வரலாம். அப்போது மிரளவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உண்ணவும் வேண்டாம்.

மெக்சிகோ உணவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வீட்டு ஆணத்துக்குக் காரம் தரும் மிளகாய் அந்த மண்ணிலிருந்து புறப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மக்காச்சோளத்தின் தாயகமும் மெக்சிகோவே. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, கழுவி அரைத்து, கல்லில் சுடும் மெல்லிய ரொட்டியே டோர்ட்டியா. அதில் இறைச்சியோ மீனோ வைத்து மடித்தால் டாக்கோ. மிளகாய் வற்றலையும் விதைகளையும் மசாலாச் சரக்குகளையும் வறுத்தரைத்துக் காய்ச்சும் 'மோலே' என்னும் குழம்பு, அம்மியில் அரைத்துப் பழகிய கைகளுக்கு எளிதில் விளங்கும். மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ உலகின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மெக்சிகோ நகரில் 2000இல் என்ரிக்கே ஒல்வேரா தொடங்கிய 'புஜோல்' உணவகம் அப்பழைய சமையலைப் புதுமுறையில் படைத்துப் புகழ்பெற்றது. 2024இல் மிஷெலின் கையேடு அதற்கு இரண்டு நட்சத்திரங்கள் வழங்கியது.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். சில மெக்சிகோ உணவகங்களில் நிமிர்ந்து நிற்கும் கம்பியில் இறைச்சி அடுக்கப்பட்டுச் சுழன்று வேகும். வளைகுடாவில் ஷவர்மா தின்று பழகிய கண், "நம்முடையதுதானே!" என்று நம்பிவிடும். அந்த நம்பிக்கைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான் பகுதியினர் பலர் மெக்சிகோவில் குடியேறினர். அவர்கள் கொண்டுசென்ற கம்பிச் சுடல் முறை பின்னாளில் 'அல் பாஸ்டர்' ஆயிற்று. 'இடையர் முறை' என்பது அதன் பொருள். ஆனால் ஆட்டிறைச்சி இருந்த இடத்தில் அங்கே பன்றியிறைச்சி வந்து அமர்ந்துவிட்டது! பெயரில் ஆட்டிடையன், கம்பியில் இருப்பதோ வேறு.

பன்றிக் கொழுப்பு இன்னும் மறைவானது. ஸ்பானியர் வருகைக்குப் பின் மெக்சிகோ சமையலில் புகுந்த அதற்கு அங்கே 'மாண்டேகா' என்று பெயர். வேகவைத்து மசித்து வதக்கிய பயற்றிலும், கோதுமை டோர்ட்டியாவிலும், சோளமாவை மடலில் பொதிந்து அவிக்கும் தமாலிலும் அது சேர்க்கப்படுவதுண்டு. ஆகவே, இறைச்சி இல்லாத பண்டம் என்பதாலேயே ஒன்று நமக்கு ஆகுமானதாகிவிடாது.

மதுவும் அப்படியே. கோப்பையில் இருந்தால் விலகிக்கொள்வோம். மீனைத் தோய்க்கும் மாவில் பீர் கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்? 'பொர்ராச்சா' என்ற சொல் பெயரில் இருந்தால், அதில் மது சேர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். இனிப்புகளில் ரம் சேர்ப்பதும் உண்டு.

நவீன உணவகங்களில் எறும்பும் வெட்டுக்கிளியும்கூடத் தட்டில் வரலாம். இளஞ்சோளக் கதிரில் எறும்புப் பொடி கலந்த கூழ் தடவித் தருவது புஜோலின் பெயர்பெற்ற பண்டம். வெட்டுக்கிளிக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, எறும்புக்கு இல்லை. நண்டும் ஆக்டோபஸும் ஷாஃபிஈகளுக்கும் ஹனஃபிகளுக்கும் ஒரே சட்டமல்ல என்பதால், ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள்.

"துபாயில் எல்லாம் ஹலால்தானே?" என்று எண்ணிவிடாதீர்கள். அங்கும் தனி அனுமதி பெற்ற உணவகங்களில் பன்றியிறைச்சியும் மதுவும் உண்டு. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் ஆகிய அமைப்புகளின் ஹலால் சான்றிதழைப் பார்த்துச் செல்லலாம். சான்றிதழ் இல்லாத இடத்தில் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்: இறைச்சி ஹலாலா? பன்றிக் கொழுப்பு சேர்க்கிறீர்களா? மது கலந்த பண்டங்கள் எவை? ஒரே கல்லில், ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் சமைக்கிறீர்களா?

இவ்வாறு கேட்கப் பெற்றோர் கூசுவதில்லை. உடன்வரும் பிள்ளைகளே பல நேரம் கூசுகிறார்கள். "பரிமாறுபவர் என்ன நினைப்பார்? அடுத்த மேசைக்காரர் சிரிப்பாரோ?" என்ற அச்சம் அவர்களுக்கு. அத்தகைய பிள்ளைகளுக்கு நம் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தைக் காட்டுங்கள். அது மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் எழுந்தது. தஞ்சைச் சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801இல் அம்மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், எல்லாச் சாதியினருக்கும் சோறு இடப்பட்டதையும், சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்க்கு அரிசியும் சரக்குகளும் அளக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். விருந்தினரின் நெறியை மதிப்பதே விருந்தோம்பல் என்பது இம்மண்ணுக்குப் பழகிய பாடம். நல்ல உணவகமும் உங்கள் கேள்வியைக் குறையாகக் கொள்ளாது.

திருமறை, ஹலாலோடு தூய்மையையும் சேர்த்தே வலியுறுத்துகிறது. கேட்டறிந்தபின் மனம் நிறைய உண்ணுங்கள். வெண்ணெய்ப் பழத்தை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்த குவாக்கமோலே இருக்கிறது. அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டை மணக்க வடித்தெடுக்கும் ஹோர்ச்சாட்டா என்ற இனிய பானம், நெல் விளையும் நாட்டவரான நமக்கு நிச்சயம் பிடிக்கும்.

பிள்ளை பாசத்தோடு அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லுமுன் நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியை, உடன் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளும் செவிமடுக்கட்டும். நாளை நாம் உடனில்லாத மேசையிலும் அவர்கள் அதைத் தயங்காமல் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.